வெத்துப் பந்து

ஏனுங்க தம்பி, மடியில வச்சிருக்கற பைக்குள்ள இருக்கறது டேபிள் டென்னிஸ் பேட்டுத்தானுங்களே? பாத்தவுடனே தெரிஞ்சுதுங்க, உறையோட வடிவம் அப்படி. சித்த தள்ளி உக்காருங்க, நானும் அதே ஜாதிதான். பேட்டு ஜாதியச் சொல்றனுங்க, வேறொண்ணும் நெனைச்சுக்காதீங்க.

கோயமுத்தூருல போட்டிங்களா? நல்லது, ஜெயிச்சுட்டு வாங்க. நீங்க அடிக்கற ஆளுங்களா, தடுக்கற ஆளுங்களா? அடிக்கற ஆளுத்தான், கேக்கவே வேண்டியதில்லை. இந்தக் காலத்துல யாரு தடுக்கறாங்க? பந்து வந்தா டொம்முனு ஒரு அடி. உள்ள விழுந்தா கையத் தட்டறது, வெளிய விழுந்தா ரப்பரைப் பாத்து மொறைக்கறது. ரப்பர் என்னங்க பண்ணுச்சு பாவம்.

நான் தடுக்கற ஆளுங்க. உடுமலை டவுன் கிளப்புல போயி தெய்வசிகாமணின்னு கேட்டுப் பாருங்க. எனக்கு உரக்கடை, பூச்சி மருந்துக் கடை இருக்குதுங்க. ஆனா கடைய வச்சு யாரும் அடையாளம் சொல்ல மாட்டாங்க, கட் பண்ற சிகாமணிங்களான்னுதான் கேப்பாங்க. நான் பந்தை அடிச்சு யாரும் பாத்ததில்லை. திருப்பிப் போடுவேன், அவ்வளவுதான். நூறு அடிச்சாலும் நூத்தியொண்ணாவதையும் திருப்பிப் போடுவேன்.

காரக்கடலைங்களா? வேண்டாமுங்க, நீங்க சாப்பிடுங்க. காரம் எனக்கு ஆகாது. நாக்கு ஓரத்துல ஒரு புண்ணு, வரும் போகும். அதைப் பத்தி அப்பறம் சொல்றன்.

தடுக்கறதுன்னா பயந்தாங்கொள்ளி வேலைன்னு நெனைச்சுறாதீங்க தம்பி. அதுல இருக்கற சூட்சுமம் அடிக்கறதுல கிடையாது. டேபிளை விட்டு ரெண்டு எட்டு பின்னால நிக்கோணும். அவன் அடிச்ச பந்து வரும். வரட்டும். ஏறட்டும், உச்சிக்குப் போகட்டும், எறங்கட்டும். அதுவரைக்கும் கைய நீட்டக் கூடாது. எறங்கி இடுப்புக்குக் கீழ வந்ததும் பேட்டை மேலிருந்து கீழ இழுத்து, மாங்காயில தோல் சீவற மாதிரி பந்தோட அடிவயித்துல சீவி விடோணும். பந்து பின்னால சுத்திக்கிட்டே முன்னால போகும். அவன் அதை நேரா அடிச்சான்னா நெட்டுலதான் விழுகும். தூக்கி அடிச்சாத்தான் தப்பிப்பான். தூக்கட்டும், தூக்கிப் பழகட்டும். நாலு தடவை நல்லாத் தூக்கிட்டான்னா அஞ்சாவது நாம வெத்துப் பந்து விடோணும்.

வெத்துப் பந்துங்கறது நான் வச்ச பேருங்க. அதே கை, அதே வீச்சு, அதே வேகம். பேட்டுல பந்து படற அந்த எடத்துல மட்டும் சீவாம சும்மா ஏந்தி விட்டறோணும். சுத்தே இருக்காது. பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது. சுத்து இருக்குதுன்னு நம்பித் தூக்குவான் பாருங்க, பந்து டேபிளைத் தாண்டிச் சுவத்துல போயி முட்டும். அவன் மூஞ்சியப் பாக்கறதுக்கே ஆடலாமுங்க. தவளை தன் வாயால கெடுமுங்க, அடிக்கறவன் தன் கையால கெடுவான். நாம ஜெயிக்கவே வேண்டியதில்லை. அவன் தோக்கோணும், அது போதும்.

ஆட்டத்துல மட்டுமில்லைங்க, நான் எல்லாத்துலயும் அப்படித்தான். யார்கிட்டயும் நானாப் போயி மோத மாட்டேன். வந்ததைத் திருப்பி வைப்பேன், காத்திருப்பேன். தப்பு அவன் பண்ணோணும்.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றனுன்னா, இவ்வளவும் எனக்குள்ளயே இருந்த வித்தைங்க. இதை ஒரு ஆளுதான் முழுசாத் தெரிஞ்சு வச்சிருந்தான். சென்னியப்பன்னு பேரு. மோட்டார் காயில் கட்டற பட்டறை, எங்க கடைக்கு நாலு கடை தள்ளி. அவன்தான் என்னை வித்தான்.

இருங்க, மொறையாச் சொல்றன். அவன் சம்சாரம் கோகிலாவும் நானும் ஒரே கூட்டமுங்க, குலம்னு சொல்லுவாங்களே, அது. எங்க பக்கம் ஒரே கூட்டம்னா அண்ணன் தங்கச்சி மொறை. அந்தம்மிணிக்குக் கூடப் பொறந்தவன் கிடையாது. அதனால கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து நாந்தான் அண்ணன். அவன் எனக்கு மாப்ளை, நான் அவனுக்கு மச்சான். அவங்களுக்கு ஒரே பொண்ணு, தாரணி. அவளுக்குக் காது குத்தறப்ப என்ற மடியிலதான் உக்கார வச்சாங்க. ஊரே கேக்கற மாதிரி அழுதுபோட்டு, அழுகை நின்னதும் என்ற மீசையப் புடிச்சு இழுத்துச்சு. பெரியவளானப்பவும் சீர் நாந்தான் கொண்டு போனேன். எனக்குப் பொண்ணு இல்லாத கொறைய அந்தப் புள்ளைதான் தீத்துச்சு.

பொழுதோட கடையச் சாத்திட்டு நானும் அவனும் கிளப்புக்குப் போவோம். அவன் அடிப்பான், நான் தடுப்பேன். கையில கிரீஸ் வாசம் போகாமயே வந்து நிப்பானுங்க. எனக்காக அடிச்சே அவன் தோளு தேஞ்சிருக்கும். அத்தனை வருசம். ஆனா போட்டின்னு வந்தா என்கிட்டத் தோத்துருவான். கொஞ்சம் இழுத்துப் புடிப்பான், கடைசியில வெத்துப் பந்துக்குத் தூக்கி வெளிய அடிச்சுட்டு, தலையச் சொறிஞ்சுக்கிட்டே சிரிப்பான். ஒரு நாளு நான் கேட்டேன், ஏன் மாப்ளை, தினமும் ஆடறயே, வெத்துப் பந்து எது சீவுன பந்து எதுன்னு இன்னுமா உனக்குப் புடிபடலைன்னு. அதுக்கு அவன் சொன்னான்:

"உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுமுங்க மச்சான்."

நான் கிண்டல்னு நெனைச்சு விட்டுட்டேன். தெரிஞ்சவன் எதுக்குத் தோப்பான், சொல்லுங்க. அதுதான் நடிப்பு. மனசுக்குள்ள கணக்கை வச்சுக்கிட்டு வெளிய சிரிக்கறது. எனக்கு அன்னைக்கு அது ஒறைக்கலை.

அப்பத்தான் பல் டாக்டர் ஒருத்தர் ஊருக்கு வந்து ஆஸ்பத்திரி போட்டாரு. ஹரிகிருஷ்ணன்னு பேரு. தங்கமான மனுசனுங்க. எனக்கு அவரு மேல ஒரு கோவமும் இல்லை, அதை மொதல்லயே சொல்லிடறன். காலேஜுல ஆடுனவரு. கிளப்புக்கு வந்த மொத நாளே அவரு அடிக்கறதைப் பாத்து எல்லாரும் வாயப் பொளந்துட்டாங்க. பந்து வர்றதே தெரியாது, சத்தம்தான் கேக்கும். அந்த வருசம் ஆடிப்பெருக்குக்கு நடக்கற கிளப் போட்டியில பைனலுக்கு நானும் அவரும் வந்தோம். நான் எப்பவும் போல பின்னால போயி நின்னேன். டாக்டர் அடிச்சு அடிச்சு ஓஞ்சு போயிட்டாரு. வெத்துப் பந்து ஒவ்வொண்ணையும் தூக்கித் தூக்கி வெளிய போட்டாரு. முடிஞ்சதும் கையக் குடுத்து, சார் இது எப்படீங்க பண்றீங்கன்னு கேட்டாரு. நான் சொல்லுவனா? சிரிச்சு வச்சேன்.

அதுக்கப்பறம் நல்ல பழக்கமாயிட்டாரு. இந்த நாக்குப் புண்ணைக்கூட அவர்கிட்டத்தான் காட்டுனேன். ஆற மாட்டேங்குதேன்னு எங்கூட்டுக்காரி சுலோச்சனா பயந்துக்கிட்டா. வேற வியாதியா இருக்கும்னு அவளா நெனைச்சுக்கிட்டு அழுகை வேற. சரின்னு போயி அந்தச் சாய்வு நாக்காலியில படுத்தேன். வெளக்கைப் போட்டுப் பாத்தாரு. இது வியாதி இல்லீங்க, நாக்கைக் கடிச்சுக் கடிச்சு வந்த தழும்பு, தூக்கத்துல பல்லைக் கடிப்பீங்களான்னு கேட்டாரு. நான் இல்லீங்கன்னேன். அப்பறம் எப்பத்தான் கடிக்கறீங்கன்னு கேட்டாரு. வைத்தியர்கிட்டப் பொய் சொல்லலாமுங்களா? ஆடறப்பத்தானுங்க டாக்டர், அதுலயும் வெத்துப் பந்து விடறப்ப மட்டும் நாக்கு ஓரம் தன்னால பல்லுக்கு நடுவுல வந்துருது, என்னை அறியாம நடக்குதுன்னு சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சாரு. தடவறதுக்கு மருந்து குடுத்தாரு, பீஸ் வாங்க மாட்டேன்னுட்டாரு. அவ்வளவு நல்ல மனுசன்.

அடுத்த ஆடிப்பெருக்கு. மறுபடியும் நானும் டாக்டரும்தான் பைனல். மழைத் தூத்தல், கிளப்புல கால் வைக்க எடமில்லை. தாரணி காலேஜுல இருந்து வந்திருந்தா, கோகிலாவும் வந்திருந்தா. சென்னியப்பன்தான் ஸ்கோர் அட்டை திருப்பறான். நான் பின்னால போயி நின்னு மொதப் பந்தைச் சீவி விட்டேன். டாக்டர் அழகாத் தூக்குனாரு. சரி. மறுபடி சீவுனேன், தூக்குனாரு. சரி, தூக்கட்டும். அஞ்சாவது வெத்துப் பந்து விட்டேனுங்க.

அடிச்சாரு பாருங்க. தூக்கலை தம்பி. நேரா, மேலிருந்து, பளார்னு. பந்து என்ற காதுகிட்டப் போச்சு.

தற்செயல்னு நெனைச்சேன். அடுத்தது சீவுனேன், பதமாத் தூக்குனாரு. வெத்து விட்டேன், பளார். கைய மாத்திப் பாத்தேன், மணிக்கட்டை ஒதறிப் பாத்தேன், ஒசரமா விட்டேன், நடு ஒடம்புக்கு விட்டேன். பேட்டைத் திருப்பி, பொரிப் பொரியா இருக்கற ரப்பர் பக்கமும் போட்டுப் பாத்தேன். எதைப் போட்டாலும் மனுசனுக்குத் தெரியுதுங்க. நான் கவனிச்சேன், அவரு என்ற பேட்டைப் பாக்கவே இல்லை. என்ற மொகத்தையே பாத்துக்கிட்டு ஆடறாரு. என்னடா இது, என்னை மனசளவுல அடிக்கப் பாக்கறாரான்னு நெனைச்சேன். மூணே ஆட்டத்துல முடிஞ்சுது. தோக்கறது பெருசில்லைங்க. துணியில்லாம நடுத்தெருவுல நிக்கற மாதிரி நின்னேன் பாருங்க, அதுதான்.

அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இந்த ஒலகத்துல என்ற வெத்துப் பந்தைக் கண்டுபுடிக்கத் தெரியும்னு சொன்னவன் ஒருத்தன். யாரு? அங்க உக்காந்து ஸ்கோர் அட்டை திருப்பிட்டு இருக்கான். போட்டிக்கு முந்தின வாரம் பூராவும் சாயங்காலமானா டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் போனவன் யாரு? அவன்தான். நாலு பேரு பாத்திருக்காங்க. கேட்டா கம்ப்ரஸர் மோட்டார் எரிஞ்சு போச்சு, காயில் கட்டிக் குடுக்கப் போனேங்கறான். எரியறதுக்கு மோட்டாருக்கு வேற வாரமே கிடைக்கலையா?

பரிசு குடுக்கறாங்க. எல்லாரும் நிக்கறாங்க. நான் நேரா அவன் முன்னால போயி நின்னேன். என்ற வாழ்க்கையில நானா முன்னால போனது அன்னைக்குத்தான்.

"என்னத்த வாங்கிக்கிட்டு என்னை வித்தே மாப்ளை?"

அவன் என்னைப் பாத்தான், டாக்டரைப் பாத்தான். டாக்டர் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு, பாவம், அவருக்கே சங்கடம். சென்னியப்பன் கீழ உருண்டு கெடந்த பந்துகளை ஒவ்வொண்ணாப் பொறுக்கி டப்பாவுல போட ஆரம்பிச்சான். தினமும் ஆட்டம் முடிஞ்சா அவன்தான் பொறுக்குவான். தப்புப் பண்ணாதவன் அப்படியா குனிஞ்சு பந்து பொறுக்குவான்? நிமிந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டானா? தாரணி மட்டும் மாமான்னு கூப்பிட்டா. நான் திரும்பலை.

அதோட சரிங்க. அவன் பட்டறை வழியாப் போறதைக்கூட விட்டுட்டேன். கடைக்கு ஊரைச் சுத்தித்தான் போறது. கிளப்புக்கும் போறதில்லை. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணுனவனோட என்ன பேச்சு? தப்பு அவனது, அவன் வரட்டும். நான் காத்திருக்கறதுல யாருக்கும் சளைச்சவன் இல்லை.

வந்தானுங்க. போன மாசம். சாரி சொல்ல இல்லை, தட்டத்தோட. தாரணிக்குக் கல்யாணம். கோகிலாவும் அவனும் வெத்தலை பாக்கு பழத்தோட வந்து கூடத்துல நிக்கறாங்க. சுலோச்சனா ஓடிப் போயி பாய் விரிக்கறா. நான் அசையலை. மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சின்னான். சரிங்கன்னேன். பையன் நல்ல வேலையில இருக்கான்னான். சந்தோசமுங்கன்னேன். நீங்க முன்ன நின்னு நடத்திக் குடுக்கோணுமுங்கன்னான். பாக்கலாமுங்கன்னேன். அவன் எதை அனுப்புனாலும் நான் சுத்தே இல்லாமத் திருப்பி வச்சேன். அவனுக்குப் புடிக்க ஒண்ணுமில்லை. கோகிலாதான் ஒடைஞ்சு போயிட்டா. அண்ணா, நீங்க பட்டம் கட்டலீன்னா எம்புள்ளைக்கு யாருங்க கட்டுவாங்கன்னு கேட்டுட்டு, முந்தானைய வாயில வச்சுக்கிட்டா.

உங்க பக்கத்துல உண்டுங்களா தம்பி அந்த வழக்கம்? தாலி ஏறுறதுக்கு முன்னால தாய்மாமன் பொண்ணோட நெத்தியில பட்டம் கட்டோணும். சின்னத் தகடுதான், மஞ்சக் கயித்துல. ஆனா மாமன் கை படாம அது ஏறக் கூடாது. கட்டறதுக்கு மாமன் வரலைன்னா சபையில நாலு பேரு கேப்பான். மாமன் இல்லாத பொண்ணான்னு கேப்பான். அந்தப் பேச்சு சாகற வரைக்கும் பொண்ணு காதுல விழுந்துட்டே இருக்கும்.

அப்பத்தான் சென்னியப்பன் அந்தப் பேச்சை எடுத்தான்.

"மச்சான், நான் ஒரு வார்த்தை சொல்லலைங்க. எம்புள்ளை மேல சத்தியம்."

அப்ப வேற யாரு சொன்னான்னு கேட்டேன். சொல்ல வர்ற மாதிரி வாயெடுத்தான். அப்பறம் கோகிலாவைப் பாத்தான், சுலோச்சனாவைப் பாத்தான். வேண்டாமுங்க மச்சான், அதைச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்தி நான் என்ன பண்ணப் போறேன்னு எந்திரிச்சுட்டான். பாத்தீங்களா? சொல்றதுக்கு ஒரு பேரு இருந்தாச் சொல்லியிருப்பான். மாட்டிக்கிட்டான்.

தாரணி தனியாப் போன் பண்ணுச்சு. மாமா, உங்க ரெண்டு பேருல யாரு சரி யாரு தப்புன்னு நான் கேக்கலை, அதெல்லாம் உங்க ஆட்டம், வந்து பட்டத்தைக் கட்டிட்டுச் சாப்பிடாமக்கூடப் போயிருங்கன்னுச்சு. சாப்பிடாமக்கூடன்னுச்சு தம்பி. நான் ஊட்டி வளத்த புள்ளை. வேலையிருக்குது கண்ணுன்னு வச்சுட்டேன்.

இன்னைக்குத்தானுங்க முகூர்த்தம். ஆமாமுங்க, இன்னைக்குத்தான், பொழுது கிளம்பி சித்த நேரத்துல. மண்டபம் இந்த வழியிலதான் இருக்குது, பொள்ளாச்சிக்குள்ள நொழையறதுக்கு முன்னால, ரயில்வே கேட்டுக்கு இக்கட்டால, இந்தப் பக்கமே. சுலோச்சனா நேத்தே சீர்த்தட்டோட போயிட்டா. நீங்க வர்றீங்களா இல்லையான்னு ஒரு வார்த்தை என்னைக் கேக்கலை. எனக்குக் கோயமுத்தூருல சோலி, பேட்டுக்கு ரப்பர் மாத்தோணும்னு நானே சொன்னேன். சரிங்கன்னு போயிட்டா. இத்தனை வருசம் கூட வாழ்ந்தவ. அவளும் அந்தப் பக்கம்தான்.

என்னது? இந்நேரத்துக்கு ரப்பர் கடை தொறந்திருக்குமான்னா? போறதுக்குள்ள தொறந்துருவாங்க. பட்டுவேட்டி எதுக்குங்களா? இருக்கறதைக் கட்டறதுதான். தேச்சு மேல வச்சிருந்தா, எடுத்துக் கட்டுனேன்.

எனக்கு அந்தக் கல்யாணத்துக்குப் போகோணும்னு துளிகூட ஆசை இல்லைங்க. யாரு கட்டுனா என்ன, கோகிலாவுக்குச் சித்தப்பன் மக்க இருக்காங்க, கட்டட்டும். ஏனுங்க, என்ற வாயையே பாக்கறீங்க? ஏதாச்சும் ஒட்டியிருக்குதுங்களா?

சரி விடுங்க.

ஒண்ணு மட்டும் ஆயிப்போச்சுங்க. சட்டைய மாட்டறேன், பையில என்னமோ குத்துது. எடுத்துப் பாத்தா இது. பிரிச்சுப் பாருங்க, காகிதத்துக்குள்ள இருக்குது. ஆமாமுங்க, பட்டம்தான். எத்தனை தட்டம், தேங்கா, பழம், சேலைன்னு ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போனவ, இதை மட்டும் என்ற சட்டைப் பையில வச்சு மறந்துட்டுப் போயிட்டா. ஒரு நாளும் எதையும் மறக்காதவளுங்க. இன்னைக்குன்னு பாத்து மறதி. இது இல்லாம அங்க என்ன பண்ணுவாங்கன்னு தெரியலை. கண்டக்டர்கிட்டக் குடுத்து எறக்கி விடச் சொல்லலாம்னு நெனைச்சேன். யாரை நம்பறதுங்க இந்தக் காலத்துல?

மேளம் கேக்குதுங்களா? இல்லை, இன்னும் தூரம் இருக்குது.

நீங்க ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க. சொல்லுங்க, நியாயம் யாரு பக்கம்? நீங்க வெளியாளு, உங்களுக்கு அவனும் ஒண்ணுதான் நானும் ஒண்ணுதான்.

என்ன கேட்டீங்க?

ஆமா, டாக்டர்கிட்டச் சொன்னேன். அது வைத்தியத்துக்குச் சொன்னது. நாக்கைக் கடிக்கறதைச் சொன்னேன், ஆட்டத்தைச் சொல்லலையே. வெத்துப் பந்து விடறப்ப நாக்கு பல்லுக்கு நடுவுல... அது வாய்க்குள்ள நடக்கறது. வெளிய யாருக்குத் தெரியும்?

தெரியுதுங்களா?

எப்பிடித் தெரியும்? நான் வாயை மூடிட்டுத்தானே...

ஓரத்துலயா? ஒதட்டுக்கு வெளியவா வருது?

இருங்க தம்பி. சித்த இருங்க. டாக்டர்னா அடுத்தவன் வியாதிய வெளிய சொல்ல மாட்டாருங்க. அவரு வெளிய யாருக்கும் சொல்லலைதான். அவரு எதுக்கு இன்னொருத்தருக்குச் சொல்லோணும், ஆடுனதே அவருதானே. பேட்டைப் பாக்கவே இல்லை. மொகத்தைத்தான் பாத்தாரு.

நீங்க எப்பப் பாத்தீங்க? இப்பவா? ரப்பர் மாத்தப் போறேன்னு சொன்னப்பவா? ஆசை இல்லைன்னப்பவும் நாக்கு வெளிய வந்துதா? அதுக்குத்தான் வாயையே பாத்தீங்களா?

உடுமலையில ஏறுனீங்க, இன்னும் பொள்ளாச்சி வரலை. அதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு.

சுலோச்சனா அதுதான் ஒண்ணும் கேக்காமப் போயிருக்கா. மறந்தா வச்சுட்டுப் போனா? சிறுக்கி.

அப்ப அவன்? வருசக் கணக்கா டேபிளுக்கு அந்தப் பக்கம் நின்னவன், மூஞ்சியப் பாத்தாலே தெரியும்னு என்கிட்டயே சொன்னவன்? ஒவ்வொரு வெத்துப் பந்தும் அவனுக்குத் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சே தூக்கியிருக்கான். தெரிஞ்சே வெளிய போட்டுட்டுத் தலையச் சொறிஞ்சுக்கிட்டுச் சிரிச்சிருக்கான். நான் அவன்கிட்ட ஜெயிச்சது ஒண்ணுகூட நான் ஜெயிச்சதில்லையா தம்பி? கப்பு வாங்குன வருசங்கள்ல பாதி அரையிறுதியில அவன்தானுங்க எதிர்ல நின்னான். அவன் போட்ட பிச்சையத்தான் கண்ணாடி அலமாரிக்குள்ள அடுக்கி வச்சுத் தொடைச்சுட்டு இருந்தனா? டாக்டராச்சும் ஒரு நாளு ஏமாத்துனாரு. இவன் இத்தனை வருசமா ஏமாத்தியிருக்கானுங்க. நேருக்கு நேரா நின்னு, சிரிச்சுக்கிட்டே. சபையில வச்சுக் கேட்டப்பவும் வாயத் தொறக்கலை, வீட்டுக்கு வந்தும் சொல்லலை, கேவலம் என்ற நாக்கைக் காப்பாத்தறதுக்கு அவன் பேரைக் கெடுத்துக்கிட்டுக் குனிஞ்சு பந்து பொறுக்கியிருக்கான். இவனை என்னங்க பண்றது? இதைவிடப் பெரிய துரோகம் எவனாச்சும் பண்ணுவானா?

ரயில்வே கேட்டைச் சாத்திட்டாங்க, பஸ் நிக்குது. அதுதான் மண்டபம், சீரியல் லைட்டு தெரியுது பாருங்க. மேளம் இப்பக் கேக்குது.

கண்டக்டர், ஒரு நிமிசமுங்க, இங்கயே எறங்கிக்கறன்.

காலை மடக்குங்க தம்பி, வழி விடுங்க. அந்தப் பட்டத்தை இப்படிக் குடுங்க. மொதல்ல இதைக் கட்டோணும். கட்டிப்போட்டு, தாலி ஏறுனதும், பந்தியில எல ஓரத்துல நின்னு பரிமாறிட்டு இருப்பான், அவனைச் சட்டையோட புடிச்சு இழுத்துட்டு வந்து கேக்கறன். அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரிக் கேக்கறன்.

ஏன் மாப்ளை என்கிட்டத் தோத்தே?